பக்குவமாகச் சொல்ல வேண்டியவர்கள்

செஞ்சிக் கடைத்தெருவில் நாங்கள் குடியிருந்த வரிசையில், ஒருவருக்கு வயதாகிவிட்டது என்பதை நரையை வைத்தோ பேரப்பிள்ளைகளை வைத்தோ யாரும் முடிவு செய்ததில்லை. கெட்ட செய்தி வந்தால் அதை அவரிடம் நேராகச் சொல்கிறார்களா, சுற்றி வளைத்துச் சொல்கிறார்களா என்பதுதான் அடையாளம். நேராகச் சொல்லப்பட்டவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு ஆக வேண்டியதைப் பார்க்கப் போவார்கள். மற்றவர்களுக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அப்படிப் பக்குவமாகச் சொல்கிற வேலை ஏறக்குறையப் பதினைந்து வருடம் என்னிடம் இருந்தது.

அது எனக்கு வந்ததற்குக் காரணம் என் படிப்பு. நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. என் கணவருக்குக் கடைத்தெருவில் நோட்டுப் புத்தகமும் பேனா மையும் விற்கிற சிறிய கடை. தந்திகள் ஆங்கிலத்தில் வரும். தந்திக்காரர் சைக்கிளை எந்த வாசலில் சாய்க்கிறார் என்று தெருவே பார்த்துக்கொண்டிருக்கும். வாங்கியவர்கள் அதைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவருவார்கள். கல்யாண வாழ்த்தாக இருந்தாலும் நான் படித்துச் சிரிக்கும்வரை யாரும் உட்கார மாட்டார்கள். நான் சிரிக்காவிட்டால், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே, "ஊட்ல பெரியவங்களுக்கு நீங்கதான் சொல்லணும் டீச்சர்" என்பார்கள்.

அதற்குச் சில முறைகள் இருந்தன. எல்லாம் எங்கள் பக்கத்தில் வழிவழியாக வந்தவைதான். பள்ளிக்கூடத்து ஆள் ஆனதால் நான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். வெறும் வயிற்றில் சொல்லக் கூடாது. அதனால் முதலில் சாப்பிட வைக்க வேண்டும். இறந்துபோனார் என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது. "கொஞ்சம் முடியலையாம், ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அவர்களைத் தனியாக விடக் கூடாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். இழவு வீட்டுத் தெரு நெருங்கி, பறைச்சத்தம் காதில் விழும்போது அவர்களாகவே தெரிந்துகொள்வார்கள். அதற்குள் மனம் பாதி பழகியிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர் பருப்புக்கடை வைத்திருந்தார். ஜைனர். பொழுது சாய்ந்த பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவருடைய அண்ணன் இறந்துபோன தந்தி வந்தது. அவர் சாப்பிட்டால்தான் சொல்ல முடியும். சூரியன் இறங்கிவிட்டால் மறுநாள் காலைவரை அவர் வாயில் எதுவும் படாது. நான் மேற்கே பார்த்தேன். ராஜகிரி மலைக்கு ஒரு முழம் மேலே வெயில் நின்றது. ஓட்டமும் நடையுமாகப் போய் அவர் மனைவியை இலை போடச் சொன்னேன். பெரியவர் கடையிலிருந்து வந்து என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாப்பிடுங்க ஐயா, பொழுது போகுது" என்றேன்.

"யாரு?" என்றார்.

"என்ன கேக்கறீங்க?"

"டீச்சர் வந்து நின்னு சோறு துன்னச் சொன்னா யாரோ போய்ட்டாங்கன்னு இந்தத் தெருவுல கைக்கொழந்தைக்குக் கூட தெரியும். யாருன்னு சொல்லிடும்மா. சாப்புடறதா வேணாமான்னு அப்புறம் நான் பாத்துக்கறேன்."

சொன்னேன். அவர் சாப்பிடவில்லை. காரியமெல்லாம் முடிந்து மாதங்கள் ஆன பிறகு, நான் பள்ளிக்கூடம் போகும்போது கடைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்: "நான் சாப்டேன் டீச்சர், இன்னிக்கு இந்தப் பக்கம் வராதீங்க!" தெருவே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே போவேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம்தான் முதலில் கேட்கிறது. எல்லோரும் இருந்தார்கள். சாவுச் செய்திகள்கூட அடுத்த வீட்டுக்குத்தான் வந்தன.

என் மகள் சின்ன வயதிலிருந்தே இந்த வேலைகளுக்கு என் பின்னால் வருவாள். தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது அவள் பொறுப்பு. யாராவது மயங்கினால் அவள்தான் முகத்தில் தெளிப்பாள். அவளைவிட இரண்டு வயது மூத்த மகனோ இந்த மாதிரி இடங்களுக்கு வரவே மாட்டான். அவனுக்கு எப்போதும் கோட்டைதான்.

அவனைப் பாண்டிச்சேரியில் கல்லூரியில் சேர்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விடுதியில் தங்கிப் படித்தான். வாரம் ஒரு கார்டு போட வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. 'நலம். நலம் அறிய ஆவல். சாப்பாடு பரவாயில்லை' என்று மூன்று வரி இருக்கும். நான்காவது வரி எழுத அவனுக்குக் கை வணங்காது. ஆனாலும் கார்டு ஒருநாள் தள்ளிப்போனால் எனக்கு வகுப்பில் பாடம் ஓடாது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கு அப்போது நாற்பத்தைந்து. ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. என் கணவர் கடைக்குச் சரக்கு எடுக்க மெட்ராஸ் போயிருந்தார். திங்கட்கிழமை காலையில்தான் வருவார். மகள் எதிர் வரிசையில் இருந்த நெல் மண்டிக்கு எதற்கோ போயிருந்தாள். எங்கள் பக்கத்தில் போன் இருந்தது அந்த மண்டியில் மட்டும்தான். நான் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன்.

மண்டிக்காரரின் மனைவி வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். கையில் மூடிய பாத்திரம்.

"அக்கா, சாப்டியா?"

"மணி பதினொண்ணுதானே ஆகுது" என்றேன்.

"இருந்தா இன்னா. சூடா கொண்டாந்திருக்கேன். ரெண்டு வாய் சாப்புடு."

நான் சிரித்தபடி நிமிர்ந்தேன். அவளுக்குப் பின்னால் என் மகள் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது.

அந்தச் செம்பைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தேன். பதினைந்து வருடத்தில் அந்த இடத்தில் நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

"அம்மா, நீ மொதல்ல சாப்புடு" என்றாள் மகள். என் குரலைத்தான் அவள் பேசினாள். அதே நிதானம், அதே இழுப்பு.

சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்னாள், கை பிசைந்தது, அவ்வளவுதான். நான்காவது வாயில் மண்டிக்காரர் உள்ளே வந்தார். வழக்கமாக வாசலில் நின்றே பேசுகிறவர், அன்று கூடம்வரை வந்து தரையில் உட்கார்ந்தார்.

"டீச்சர், பயப்பட ஒண்ணும் இல்ல. தம்பிக்குக் கால்ல சின்ன அடி. சைக்கிள்ல போனப்ப லாரி உரசிடுச்சாம். ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. துணிக்கடைக்காரரின் தாயாரிடம், எத்தனையோ கூடங்களில் நான் சொன்ன அதே சொற்கள். சின்ன அடி. வச்சிருக்காங்க. ஒரு எட்டு.

"யார் பேசினது?"

"கூடப் படிக்கிற பையன் டீச்சர். லைன் கொரகொரன்னு இருந்துச்சு."

"திருப்பிப் போடுங்க. நான் பேசறேன்."

"டிரங்க் கால் புக் பண்ணியாச்சு. சாயங்காலம் ஆவும்னுட்டான். அதுவரைக்கும் இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு இருக்கணும்? திண்டிவனம் பஸ் வர்ற நேரம்."

தந்தியாக இருந்தால் கையில் ஒரு காகிதம் இருந்திருக்கும்; நானே படித்திருப்பேன். இங்கே என்னிடம் இருந்தது ஒரு மனிதரின் வாய் மட்டும். அதுவும் என்னிடமிருந்து பாடம் கற்ற வாய். நான் எழுந்தபோது மண்டிக்காரரின் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். பின்பக்கம் முகம் கழுவப் போனேன். மகள் கூடவே வந்து கதவருகில் நின்றாள். செருப்பை மாட்டும்போது ஒருவர் தோளைப் பிடித்தார். யாரும் என்னைத் தள்ளவில்லை, இழுக்கவில்லை. ஆனால் நானாக ஒரு அடிகூட வைக்கவில்லை.

பஸ் நிறைந்திருந்தது. மகள் முதலில் ஏறிக் கண்டக்டரிடம் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். பார்வை மாறியது. முன் சீட்டில் இருந்தவர்களிடம், "யோவ், எழுந்திருங்கய்யா, ஆயா உக்காரட்டும்" என்றார். பிறகு என்னிடம், "இப்படி ஜன்னலாண்ட குந்து ஆயா" என்றார்.

கண்டக்டருக்கு முப்பது வயது இருக்கும். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி; அதற்கு முன் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. தெருவில் டீச்சர், வீட்டில் அம்மா, பஸ்ஸில் வழக்கமாக அக்கா. காலையில் தலை வாரியபோது நான் அக்காவாகத்தான் இருந்தேன். கோபம் வரவில்லை. ஆயா என்று கூப்பிடுகிற அளவுக்கு அவரிடம் மகள் என்ன சொல்லியிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும் நான் அவர்களைச் சோதித்துப் பார்த்தேன். மகள் பக்கத்தில் இருந்தாள். மண்டிக்காரர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"எந்தக் கால்?" என்றேன்.

"வலது கால்மா" என்றாள் மகள்.

"இடது" என்றார் மண்டிக்காரர், அதே நொடியில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "போன்ல சரியா கேக்கல டீச்சர்" என்றார் அவர். மகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. என் மகன் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

சத்தம் போட்டிருக்கலாம். பஸ்ஸை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பாறைக் குன்றுகளுக்குப் பின்னால் ராஜகிரியின் தலை மட்டும் தெரிந்தது. பத்து வயதில் அவன் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பையன்களோடு அங்கே ஏறப் போவான். போகாதே என்றால் கேட்க மாட்டான். நான் வீட்டுக்கும் வாசலுக்கும் நடப்பதைப் பார்த்து அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை டவுசர் பையில் எடுத்துப் போவான். உச்சிக்குப் போனதும் வெயிலில் காட்டி எங்கள் மாடிப்பக்கம் மூன்று முறை மின்ன வைப்பான். நான் துணி உலர்த்துவது போல மாடியில் நிற்பேன். அவ்வளவு பெரிய மலையில் கடுகளவு வெளிச்சம், ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம்தான் எனக்கு அடுப்படி வேலை ஓடும். ஒருமுறை நான்காவதாகவும் ஒன்று மின்னியது. அன்று முழுவதும் நாலுக்கு என்ன அர்த்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். மத்தியானம் வந்தவன், "கொரங்கு கண்ணாடிய புடுங்கப் பாத்துச்சும்மா, அதான்" என்றான். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் சறுக்கிக் கிழிந்த டவுசரோடு நின்றான். அந்தக் கிழிசலைத் தைத்த நூலின் நிறம்கூட அந்தப் பஸ்ஸில் எனக்கு ஞாபகம் வந்தது. வெள்ளை டவுசர், வீட்டில் பச்சை நூல்தான் இருந்தது.

திண்டிவனத்தில் பஸ் மாற வேண்டும். மண்டிக்காரர் சோடா வாங்கி வந்தார். மகள் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவளுக்குப் பதினேழு வயது. அண்ணன் மேல் உயிர். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு எனக்காக இதையெல்லாம் செய்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. கால்லதான்" என்றாள் மறுபடியும்.

"ஆமாண்டி. கால்லதான். எனக்குத் தெரியாதா?" என்றேன். "நீ ஒரு வாய் குடி."

அவள் முகம் தெளிந்தது. அம்மா நம்பிவிட்டாள் என்று மூச்சு விட்டாள். அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். சொன்ன பிறகுதான், நான் இத்தனை வருடம் ஏமாற்றியதாக நினைத்த பெரியவர்கள் ஒவ்வொருவராக எனக்குள் வந்து நின்றார்கள். துணிக்கடைக்காரரின் தாயார் "மோர் இருக்குதா டீச்சர்?" என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிழவிக்கு ஒன்றுமே தெரியவில்லை, பாவம் என்று நான் வெளியே வந்து சொன்னேன். ஒரு தாத்தா பஸ்ஸில் வழியெல்லாம் என்னிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எல்லோரும் தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். எதிரே இருக்கிற சின்னவர்களின் முகம் உடைந்துவிடக் கூடாது என்று மோர் கேட்டிருக்கிறார்கள், மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பெரியவர்களின் வேலை அதுதான் போலிருக்கிறது. அந்த வேலையில் அன்று என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

பாண்டிச்சேரி வரை மகளிடம் வேறு பேச்சுப் பேசிக்கொண்டே வந்தேன். வழியில் என்ன மரம், என்ன ஊர். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்டிக்காரர் உள்ளே போய் ஒரு ஆளிடம் விசாரித்தார். "எலும்பு வார்டா? மாடிக்குப் போங்க" என்று அந்த ஆள் கையைக் காட்டினார்.

மாடி. செத்தவர்களை மாடியில் வைக்க மாட்டார்கள். இந்த நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியாது. நான் மகளின் கையை உதறிவிட்டுப் படி ஏறினேன். யாரோ பின்னால் "டீச்சர், மெதுவா" என்றார்கள்.

அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது காலில் தொடைவரை மாவுக்கட்டு. நெற்றியில் சிராய்ப்பு. பக்கத்துக் கட்டில்காரரிடம் வாங்கிய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா, ஓடியா வந்த? இப்படி மூச்சு வாங்குது?"

அவன் தலையைத் தொட்டேன். காதைத் தொட்டேன். மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த கட்டைவிரலைப் பிடித்து நசுக்கினேன். விரலை இழுத்துக்கொண்டான். அதன் பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வார்டே திரும்பிப் பார்த்தது. மகள் ஓடி வந்து அண்ணனைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, "நான்தான் கால்லன்னு சொன்னேனேம்மா!" என்று அவளும் அழுதாள். அவள் சொன்னது நிஜம்தான். எல்லோரும் காலையிலிருந்து என்னிடம் நிஜத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு நேரா சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன், மூச்சு வந்த பிறகு.

"நேராதானே சொன்னோம்" என்றார் மண்டிக்காரர், பாவம் போல.

"இவங்க மேல தப்பு இல்லம்மா" என்றான் மகன். "போன் பண்ணப் போன பையங்கிட்ட நான்தான் சொல்லி அனுப்பினேன். வயசானவங்க, பயந்துடுவாங்க, பக்குவமா சொல்லச் சொல்லுன்னு."

"எனக்கு நாப்பத்தஞ்சுடா."

"அதான் சொல்றேன்."

மண்டிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். நான் இனிமேல் எதுவானாலும் என்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று அவனிடம் சத்தியம் கேட்டேன். செத்தாலும் செத்தான் என்றே சொல்லட்டும் என்றேன். "செத்துட்டா நானாம்மா போன் பண்ணப் போறேன்?" என்றான். அவன் தங்கை அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

இன்றும் எனக்கு அந்தப் பஸ் விட்டபாடில்லை. அவன் இப்போது நன்றாக நடக்கிறான். படிப்பு முடிந்து மெட்ராஸில் தங்கி வேலை தேடுகிறான். ஆனால் அவன் போடும் கார்டில் நலம் என்று இருந்தால் அந்த எழுத்து அவன் கையெழுத்துதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். அவன் இல்லாமல் போன மூன்று மணி நேரம் எனக்கு நிஜமாகவே நடந்துவிட்டது. நடக்கவில்லை என்று என்னிடம் யார் சொல்வது?

அதைவிட, நான் எப்போது இந்தப் பக்கம் வந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். முடி அப்போது கறுப்புதான். நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிற கால்கள். என் பிள்ளைகள் என்றைக்கோ ஒருநாள், என்னிடம் சொல்லாமலே, என்னைத் தூக்கி அந்த வரிசையில் வைத்துவிட்டார்கள். அன்பினால்தான் வைத்தார்கள். நானும் மற்றவர்களை அப்படித்தான் வைத்தேன்.

மகளை அவனுக்குத் துணையாக விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை நான் செஞ்சி திரும்பினேன். திங்கட்கிழமை காலையில் என் கணவர் வருவார். மண்டிக்காரர் முந்தின நாளே வந்து ஏற்பாடு பேசினார். "அண்ணனுக்கு பிரஷர் இருக்குது. பஸ் விட்டு எறங்கினதும் நம்ம மண்டிக்குக் கூட்டினு வந்து, டிபன் சாப்புட வச்சு, அப்புறமா..."

"வேணாங்க" என்றேன். "நானே சொல்லிக்கறேன். நேரா சொல்லிக்கறேன்."

பஸ் நிலையத்துக்குத் தனியாகப் போனேன். அவர் புத்தகக் கட்டுகளோடு இறங்கினார். நான் அங்கே நிற்பதைப் பார்த்ததுமே முகம் மாறியது. நான் ஒரு மூச்சில் சொன்னேன்: "பையனுக்குச் சனிக்கிழமை லாரி மோதி இடது கால் உடைஞ்சுது. மாவுக்கட்டு போட்டிருக்காங்க. நான் போய்ப் பார்த்தேன். பேசினான், சிரிச்சான். உசுருக்கு ஒண்ணும் இல்ல. பாப்பா கூட இருக்கா."

இதைவிட நேராக ஒரு செய்தியை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் புத்தகக் கட்டின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு, "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

"அய்யோ, இன்னா பேச்சு இது! நான் பார்த்துட்டு வந்தேன்னு சொல்றேன்."

"பதினஞ்சு வருஷமா இந்தத் தெருவுக்கே சொன்னவ நீ" என்றார். "எங்கிட்டயே சொல்ற."

அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தார். "சரி, சரி. நம்பறேன். அழுவாத" என்றார். அவர் நம்பவில்லை என்று அந்தத் தட்டலிலேயே தெரிந்தது. எனக்காக நம்பினார்.

அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினோம். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் இருந்த சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எந்தச் சொல்லும் எடுபடவில்லை. எல்லாவற்றையும் நான் முன்பே வேறு வீடுகளில் பயன்படுத்தி முடித்திருந்தேன். எலும்பு வார்டு மாடியில்தான் இருக்கிறது என்றேன், தலையாட்டினார். நேற்று நான்கு இட்லி சாப்பிட்டான் என்றேன், அதற்கும் தலையாட்டினார். திண்டிவனத்தில் இறங்கியபோது, என் தோள்மேல் சரிந்த சேலையைச் சரிசெய்துவிட்டு, "நீ தைரியமா இருக்கணும்" என்றார்.

வார்டில் அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். "வா நைனா" என்றான். அவர் கட்டில் அருகே குனிந்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை, மாவுக்கட்டைத்தான் பார்த்தார். தேங்காய் முற்றியிருக்கிறதா என்று பார்ப்பது போல விரலை மடக்கி முழங்காலருகே தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்சம் மேலே தட்டினார். பிறகு இன்னும் பலமாக.

"நைனா, வலிக்குது! விடு நைனா!" என்று அவன் கத்தினான்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.